உங்களுக்குத் தெரியுமா? கடன்பட்ட உழவருக்குச் சட்டம் தேடித் தந்த சோட்டு ராம்

பிரிக்கப்படாத பஞ்சாபின் தலைவர்கள் என்றால் லாலா லஜபதி ராய், பகத்சிங் என்று உடனே சொல்லிவிடுவோம். அதே மண்ணில் வட்டிக்கணக்கையும் தராசையும் அடகுப் பத்திரத்தையும் சட்டசபைக்குள் கொண்டுவந்த சர் சோட்டு ராமை இங்கே அதிகம் பேர் அறியமாட்டார்கள்.

◆ பிறந்தது 1881 நவம்பர் 24. ஊர், ரோத்தக் மாவட்டத்து கடி சாம்ப்லா. இப்போது ஹரியானாவில் இருக்கிறது. வீட்டில் வைத்த பெயர் ராம் ரிச்பால். கடைக்குட்டி என்பதால் ‘சோட்டு’ என்று கூப்பிட்டார்கள். பள்ளிப் பதிவேட்டிலும் அதுவே ஏறிவிட்டது.

◆ மேற்படிப்புக்குக் கடன் கேட்க, தந்தை சிறுவனையும் அழைத்துக்கொண்டு வட்டிக்கடைக்காரரிடம் போனார். கடைக்காரரோ தம் மகன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, வயதான அந்த விவசாயியைப் பங்கா கயிற்றை இழுக்கச் சொன்னார். அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் எல்லாம் இந்தச் சம்பவம் வருகிறது. பின்னாளில் அவர் ஆதரித்த சட்டங்களை வாசிக்கும்போது, அந்தக் கயிற்றை அவர் மறக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

◆ டெல்லி மிஷன் பள்ளியில் படிக்கும்போது விடுதிப் பொறுப்பாளரை எதிர்த்து மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தினார். அதனால் கிடைத்த பட்டப்பெயர் ‘ஜெனரல் ராபர்ட்’!

◆ செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் 1905இல் பட்டம் பெற்றார். படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தவர் கல்கத்தாவில் சணல் வியாபாரம் செய்த சேட் சாஜு ராம். பிறகு ஆக்ராவில் சட்டம், ரோத்தக்கில் வக்கீல் தொழில்.

◆ 1916இல் ‘ஜாட் கெசட்’ என்ற உருது வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் ரோத்தக் மாவட்டக் காங்கிரஸ் தலைவரும் ஆனார். 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தில் உடன்பாடு இல்லாமல் காங்கிரஸை விட்டு விலகினார்.

◆ 1923இல் பஸ்லி ஹுசைனோடு சேர்ந்து யூனியனிஸ்ட் கட்சியை உருவாக்கினார். இந்து, முஸ்லிம், சீக்கிய நிலவுடைமையாளர்கள் ஒரே கொடியின் கீழ் நின்ற மாகாணக் கட்சி அது. 1937 தேர்தலில் 175 இடங்கள் கொண்ட சட்டசபையில் பெரும்பான்மை பெற்றது. சிக்கந்தர் ஹயாத் கான் பிரதமரானார் (அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்). சோட்டு ராம் வளர்ச்சித் துறை அமைச்சர். பின்னர் வருவாய்த் துறையையும் கவனித்தார். ‘சர்’ பட்டமும் 1937இல்தான் வந்தது.

◆ கடன் கொடுத்தவர் ஒவ்வொரு கடனாளிக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை கணக்குச் சீட்டு எழுதித் தர வேண்டும். இது பஞ்சாபின் 1930ஆம் ஆண்டுக் கணக்கு ஒழுங்குமுறைச் சட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்த தாளில் பிறகு எந்தத் தொகை ஏறும் என்று தெரியாமல் வாழ்ந்த ஊர்களில், அந்தச் சீட்டின் அருமையை நினைத்துப் பாருங்கள்.

◆ 1934ஆம் ஆண்டுக் கடன் நிவாரணச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பழைய கடன் எதுவானாலும் அசலின் இரண்டு மடங்குக்கு மேல் நீதிமன்றம் தீர்ப்பளிக்கக் கூடாது. ஏற்கெனவே கட்டியதையும் அதில் கழித்துக்கொள்ள வேண்டும். 100 ரூபாய் வாங்கியவர் பல வருடங்களில் 200 ரூபாய் கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது, அவ்வளவுதான். அப்போது சோட்டு ராம் அமைச்சராக இல்லை. மாகாணச் சபையில் கட்சியை நடத்திக்கொண்டிருந்தார்.

◆ ஜப்திக்கு அமீனா வந்தால் எதைத் தொடக்கூடாது? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் பஞ்சாப் சேர்த்துக்கொண்ட வரிகள் ஒரு விவசாயியின் வாசலுக்கே நம்மை அழைத்துப் போகின்றன: கறவை மாடு, சினை மாடு, வண்டி இழுக்கும் மாடு. அதோடு நிற்கவில்லை. மாடு கட்டவும் வண்டி நிறுத்தவும் தீவனமும் எருவும் குவிக்கவும் தேவைப்படும் காலி இடத்தையும் ஜப்தி செய்யக் கூடாது. எருக்குழிக்கும் காவல் போட்ட சட்டம்!

◆ 1938இல் இரண்டு அடிகள். பதிவு செய்து உரிமம் வாங்காத லேவாதேவிக்காரர் கடனை வசூலிக்க நீதிமன்றத்தை நாட முடியாது என்றது ஒன்று. 1901 ஜூன் 8க்கு முன்பு அடகு வைத்து மீட்க முடியாமல் கிடந்த நிலங்களுக்கு விடிவு தந்தது மற்றொன்று. அடகு பிடித்தவர் அசலைப் போல் இரண்டு மடங்கு பலனை ஏற்கெனவே அனுபவித்திருந்தால், நிலம் ஒரு காசு கொடுக்காமல் உரியவருக்குத் திரும்பும். தாத்தா அடகு வைத்த வயலில் பேரன் ஏர் ஓட்டினான்.

◆ அந்தக் காலத்து வட இந்திய மண்டியில் தரகரும் வியாபாரியும் துணிக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பொருளுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்பார். விலை மட்டும் அவருக்குத் தெரியாது. பிறகு தரகு, எடைக்கூலி, தூசிக்கழிவு, கோசாலைக்கு மகமை, தர்மசாலைக்கு மகமை என்று பிடித்தம் தொடங்கும். 1939ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டம் இதில்தான் கைவைத்தது. தரகருக்கும் எடை போடுபவருக்கும் உரிமம் கட்டாயமானது. சந்தைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு இடம் விளைவிப்பவர்களுக்கு. வணிகர்கள் கடுமையாகக் கொதித்தார்கள். விவசாயிகள் பொன்னான சட்டங்கள் என்று கொண்டாடியவற்றை அவர்கள் கறுப்புச் சட்டங்கள் என்றார்கள்.

◆ 1938இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசும் விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. சந்தை விஷயத்தில் நாம் முந்திக்கொண்டோம்: 1933இலேயே இங்கே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது, 1936இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்தாயிற்று.

◆ கடை ஊழியர்களுக்கு வார விடுமுறை தந்த 1940ஆம் ஆண்டுச் சட்டமும் பஞ்சாபின் யூனியனிஸ்ட் அரசுடையது.

◆ குறை சொல்லாமல் விட முடியாத இடமும் உண்டு. உழவருக்கான இந்தச் சட்டங்களுக்கு அடித்தளம் 1900ஆம் ஆண்டு நில உரிமை மாற்றச் சட்டம். யார் விவசாயி என்பதை அது சாதியை வைத்துத் தீர்மானித்தது. வயலில் நாள் முழுக்கப் பாடுபட்ட தலித் மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ளவரிடமிருந்து அவர்கள் நிலம் வாங்க வழியில்லை. தலித் தலைவர் மங்கு ராமின் ஆத் தர்ம இயக்கம் இந்த அநீதியை எதிர்த்தது. சோட்டு ராமின் அக்கறை நிலம் வைத்திருந்த உழவரோடு நின்றுவிட்டது. அவரை மதிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

◆ மதத்தின் பேரால் பஞ்சாபைப் பிரிப்பதை அவர் ஏற்கவே இல்லை. 1944இல் அந்தப் பிரிவினைக்கு வழிவிட்ட ராஜாஜி திட்டத்தை எதிர்த்துக் காந்திக்குக் கடிதம் எழுதினார். மாகாண அரசை முஸ்லிம் லீக்கின் பிடிக்குள் கொண்டுவர ஜின்னா முயன்றபோது, அப்போதைய பிரதமர் கிஸர் ஹயாத் கானுக்குத் துணையாக நின்றார்.

◆ அவருடைய கடைசிப் பெரிய வேலை பக்ரா அணை. 1944 நவம்பரில் பிலாஸ்பூர் அரசருடன் ஒப்பந்தம் முடிந்தது. 1945 ஜனவரி 9 அன்று லாகூரில் காலமானார். அணையை நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தது 1963இல்.

◆ சாம்ப்லாவில் அவருக்கு 64 அடி உயரச் சிலை இருக்கிறது. 2018 அக்டோபரில் திறந்தார்கள். 2020இல் டெல்லி எல்லையில், ரோத்தக் சாலையில் உள்ள திக்ரியில், டிராக்டர்களோடு அமர்ந்த விவசாயிகள் அவர் படத்தை ஏந்தியிருந்தார்கள். மண்டிக்கு வெளியே கட்டுப்பாடு இல்லாத வியாபாரத்தை அனுமதித்த மத்தியச் சட்டத்தையும் எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். 2021இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1961இல் புதிய சந்தைச் சட்டம் வந்தது. பஞ்சாப், ஹரியானா மண்டிகள் இன்றும் அதன்படிதான் இயங்குகின்றன.