யுத்தக்கப்பல் தந்த கிண்ணமும் வடபகுதியின் பந்தயமும்

1921 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு, போர்ட் டிக்சன் ஆகிய இடங்களுக்கு விஜயம் செய்த ‘மலாயா’ என்னும் பிரிட்டிஷ் யுத்தக்கப்பல், பெயரால் மட்டுமன்றிப் பொருளாலும் இந்நாட்டுக்கு உரியது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்னும் கூட்டரசு மலாய் மாநிலங்கள் நான்கும் பணம் கொடுத்துக் கட்டுவித்த அக்கப்பல், 1915 இல் நீரில் இறங்கி, மறு ஆண்டே ஜட்லாந்துக் கடற்போரில் ஈடுபட்டது. அம்மாநிலங்களின் கருவூலத்தை நிரப்பியவை ஈயமும் ரப்பரும். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரையும், பத்தாங் பாடாங் வட்டாரத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தமிழரையும் நினையாமல் அந்தக் கப்பல் தந்த கிண்ணத்தின் கதையைத் தொடங்குவது நியாயமாகாது.

கரையில் தங்கியிருந்த நாட்களில் மாலுமிகள் உள்ளூர்ச் சங்கங்களுடன் காற்பந்து, ரக்பி, ஹாக்கி முதலிய ஆட்டங்களில் கலந்துகொண்டனர். கிடைத்த உபசாரத்துக்கு நன்றி பாராட்டும் வகையில், காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களை அளிக்க விரும்புவதாகக் கப்பல் தலைவர் புல்லர், சில மாதங்களுக்குப் பின் கூட்டரசின் தலைமைச் செயலாளருக்குக் கடிதம் எழுதினார். உடனே ஒரு குழு அமைந்தது. முதல் ஆண்டுக் காற்பந்துப் போட்டியை நடத்தும் பொறுப்பு சிலாங்கூர் கிளப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டை வடபகுதி, தென்பகுதி என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் முதலிடம் பெறும் குழுக்களே இறுதி ஆட்டத்தில் சந்திக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. ஆகஸ்டு 20 ஆம் தேதி கோலாலம்பூரில் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் முன்னிலையில் நடந்த முதல் ஆட்டத்தில் சிலாங்கூர் பினாங்கை ஐந்துக்கு ஒன்று என வென்றது; ஆறு குழுக்கள் கலந்துகொண்ட அப்பருவத்தின் முடிவில் கிண்ணத்தைச் சிங்கப்பூர் கொண்டுபோயிற்று.

இவ்வாறு பகுதி பிரித்ததன் காரணத்தை அக்காலத்துப் பிரயாண வசதியோடு சேர்த்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909 இலேயே முடிந்துவிட்டதாயினும், ஜொகூர்க் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது 1924 இல்தான். பாலம் வருமுன் சிங்கப்பூருக்குச் செல்வோர் நீரிணையைப் படகிலேயே கடந்தனர். ஆடியவர்களோ சம்பளத்துக்கு ஆடியவர்கள் அல்லர். தங்கள் உத்தியோகத்தில் விடுமுறை பெற்று வர வேண்டியவர்கள். பக்கத்து மாநிலத்தோடு பல ஆட்டம், தொலைவில் உள்ளவரோடு ஒரே ஒரு ஆட்டம் என்ற ஏற்பாடு அத்தகையவர்களுக்கு மிகவும் பொருத்தமாயிருந்தது.

பிரதேச வாரியாகக் குழுக்களைச் சேர்க்கும் முறை அமெரிக்காவில் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே வேரூன்றியிருந்தது. ரக்பியிலிருந்து கிளைத்த அந்நாட்டுக் கல்லூரிக் காற்பந்தில், 1895 ஆம் ஆண்டு சிகாகோவில் கூடிய ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள், மெய்யாகவே படிக்கும் மாணவர் மட்டுமே ஆடலாம் என்பது போன்ற ஒழுங்குகளை வலியுறுத்தி ஒரு கூட்டமைப்புக்கு அடிகோலினர். மறு ஆண்டு நடந்த அதன் முதல் பருவத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது. அங்கே பிரதேசப் பட்டமே ஒரு பெரும் கௌரவமாக ஏடுகளில் இடம்பெற்று, இன்றளவும் பெருமையுடன் பேசப்படுகிறது. நம் நாட்டிலோ வடபகுதியில் முதலிடம் பெறுவது இறுதி ஆட்டத்துக்கான வாசல் என்ற அளவிலே நின்றுவிட்டது. கிண்ணத்தை வென்றவர் பெயர் நிலைத்தது, வாசல் வரை போராடி வந்தவர் பெயர் மறைந்தது.

இது பெருங்குறை என்பதே என் துணிபு. 1921 முதல் 1941 வரை ஓர் ஆண்டும் தவறாமல் இறுதி ஆட்டத்துக்கு வந்தது சிங்கப்பூர்; தென்பகுதியில் அதற்கு நிகரான குழு இல்லை. வடபகுதியின் நிலையோ வேறு. சிலாங்கூர் பெரும்பாலும் முன்னின்றாலும், பேராக்கும் பினாங்கும் கெடாவும் அதைப் பின்தள்ளி இறுதிக்குச் சென்ற ஆண்டுகள் உண்டு. 1923 இல் அவ்வாறு சென்ற பேராக் சிங்கப்பூரிடம் தோற்றது. 1926 இல் அதே சிங்கப்பூரை வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றி, 1931 இல் மீண்டும் அச்சாதனையை நிகழ்த்தியது. பலமான அண்டை மாநிலங்களை முதலில் வென்று, அதன் பின்னரே சிங்கப்பூரை எதிர்கொள்ள வேண்டியிருந்த குழுவின் வெற்றிக்கு, பட்டியலில் உள்ள ஒரு வரியைவிட அதிக மதிப்பு உண்டு.

ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களில் வேலை குறைந்து, தமிழ்த் தொழிலாளர் பலர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில் இந்தப் போட்டி பிறந்தது என்பதும் கருதத்தக்கது. பிரிட்டிஷ் ரெசிடெண்டுகளின் நிர்வாகத்துக்கு உட்பட்ட ‘பேராக்’ என்னும் எல்லை, கங்காணியின் பின்னே கப்பலேறி வந்த ஒரு குடும்பத்துக்குத் தொடக்கத்தில் எந்த அபிமானத்தையும் தந்திருக்க முடியாது. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சிலாங்கூரைத் தோற்கடிக்க வேண்டுமென்று தவித்தபோதுதான் அந்த எல்லை அவர்களுக்கும் சொந்தமாயிற்று. நாடு சுதந்திரம் பெற்ற 1957 ஆம் ஆண்டில் பேராக் இறுதி ஆட்டத்தில் சிலாங்கூரையே வென்று கிண்ணத்தைப் பெற்றது. 1967 இல் போட்டி ‘மலேசியக் கிண்ணம்’ எனப் பெயர் மாறியபோது, புதிய கிண்ணத்தில் முதலில் பொறிக்கப்படும் உரிமையும் பேராக்குக்கே கிட்டியது.

1979 ஆம் ஆண்டில் மாநிலங்கள் யாவும் ஒரே லீக்கில் ஆடும் முறை வந்தது. அதற்கு முன்பே தோட்டங்களும் மாறத் தொடங்கியிருந்தன. தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கும் துண்டாடலில் பல தோட்டங்கள் கைமாற, அதைத் தடுக்க 1960 இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர்ச் செம்பனை வந்தது, லயன் வீடுகள் காலியாயின, மாலை நேரங்களில் இளைஞர்கள் வெறுங்காலோடு பந்தாடிய திடல்களும் பல இடங்களில் காணாமற்போயின.

மாநிலக் குழுவின் வரலாற்றையேனும் பழைய பத்திரிகைகளிலிருந்து தேடி எடுக்கலாம். தோட்டக் குழுக்களின் வரலாற்றுக்கு அந்த வழியும் குறைவு. ஆகவே பீடோர், தாப்பா, தெலுக் இந்தான் வட்டாரங்களின் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த வாசகர்கள், வீட்டில் பழைய காற்பந்துக் குழுவின் புகைப்படமோ, பரிசுக் கேடயமோ, ஆட்ட அறிவிப்புத் தாளோ இருந்தால், நிற்பவர் பெயரையும் ஆண்டையும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பின்புறத்தில் எழுதிவைத்து, அதன் பிரதியொன்றைத் தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்துக்கோ ஊர் நூலகத்துக்கோ கொடுத்து உதவ வேண்டுகிறேன்.