ஏட்டிலிருந்து திரைக்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பலரும் விரும்பிப் படித்த நாவல் ஒன்று திரைப்படமாகப் போகிறது என்ற செய்தி வந்தால் போதும், நம்மிடையே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். "நல்ல கதையைக் கெடுத்துவிடப் போகிறார்கள்" என்பது ஒரு கட்சி. "அவ்வளவு பெரிய புத்தகத்தை யார் படிப்பது? படம் பார்த்தால் போதாதா?" என்பது மறு கட்சி. படம் வெளியான பின்னரோ, நாவலில் இருந்தவற்றுள் எவையெவை விடுபட்டன என்று கணக்கெடுப்பதிலேயே விவாதம் முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கு ஒரு படைப்பை அளக்கச் சரியான அளவுகோல்தானா? இதனைச் சில எடுத்துக்காட்டுகளின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூத்து காட்டும் வழி

எழுத்தில் உள்ள கதையைக் கண்ணுக்கு விருந்தாக்குவது திரைப்படத்தோடு பிறந்த பழக்கமன்று. நமது தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடந்தால், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறுவதைப் பலரும் கண்டிருப்போம். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைச் சொல்லிப் பொருள் விளக்குவார். இரவில் அதே கதை வேடமணிந்து வரும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். இறுதி நாளில் துரியோதனன் மண் உருவமாகப் படுகளத்தில் கிடப்பான். இடையிடையே கட்டியங்காரன் வந்து ஊர் நடப்பைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். வில்லிபுத்தூரார் பாடாத கட்டியங்காரன் இங்கே எப்படி வந்தான் என்று எந்த ஊராரும் வழக்குத் தொடுத்ததில்லை. ஏட்டைப் படிக்கத் தெரியாத மக்கள் பாரதத்தை அறிந்தது இவ்வாறுதான். கூத்து பாரதத்தின் நகலன்று; பாரதத்தின் இன்னொரு பிறப்பு எனலாம்.

காலமும் கணக்கும்

முதலில் ஓர் எளிய உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக விரிந்த நாவல். வாசகர்கள் அதனோடு மூன்றரை ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மணிரத்னம் இயக்கி 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த இரண்டு படங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். எனவே மணிமேகலை என்ற பாத்திரம் திரையில் இல்லை. சேந்தன் அமுதனின் பிறப்பைப் பற்றி நாவல் இறுதிவரை காத்து வைத்திருந்த இரகசியமும் இல்லை. நாவலை நேசித்தவர்களுக்கு இது வருத்தமே. ஆயினும் ஏரியைக் குடத்தில் முகப்பவன், ஏரி முழுவதையும் கொண்டுவரவில்லையே என்று அவனைக் குறை கூறுவது முறையாகாது. குடத்தில் வந்தது நல்ல நீர்தானா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஏடும் திரையும் கைகோத்தே பிறந்த நிகழ்ச்சியும் தமிழில் உண்டு. கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி' 1939-இல் வெளிவந்தது. அக்கதையைக் கல்கி 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதியபோது, ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் நிழற்படங்களே அச்சிடப்பட்டன. விடுதலை உணர்வை ஊட்டிய அப்படத்தை ஆங்கில அரசு தடை செய்தது. எழுத்தறிவு குறைந்திருந்த அக்காலத்தில், இதழைவிடத் திரை நெடுந்தொலைவு செல்லும் என்பதை ஆட்சியாளர்களும் உணர்ந்திருந்தனர் போலும்.

திரை தருவதும் ஏடு தருவதும்

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடராக வந்தபோது, கோபுலுவின் கோடுகள் சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் வாசகர் கண்முன் நிறுத்தின. ஆனால் நாதசுரத்தைப் பற்றி எழுத்தில் எவ்வளவு வருணித்தாலும் அது காதில் விழாது. ஏ. பி. நாகராசன் 1968-இல் அதைப் படமாக்கியபோது, மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு அக்குறையைத் தீர்த்தது. வாசகர் மனத்தில் ஊமையாக இருந்த நாதசுரம் வாய் திறந்தது. இது திரைக்கே உரிய ஆற்றல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அதன் உயிர் கங்காவின் மனத்துக்குள் ஓடும் பேச்சு. அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளைப் படிக்கையில் நாமும் அவள் மனத்துக்குள் சென்று அமர்ந்துவிடுகிறோம். 1977-இல் ஏ. பீம்சிங் இயக்கிய படத்துக்கு ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். நாவலாசிரியரே எழுதியும், சிறந்த நடிகை நடித்தும், கேமரா கங்காவின் முகத்துக்கு எதிரில்தான் நிற்க முடிந்தது. முகத்தைக் கண்டு மனத்தை நாம் ஊகிக்கிறோம். நாவலிலோ ஊகிக்கத் தேவையில்லை, அவளே சொல்கிறாள். இது குறையன்று, கருவியின் இயல்பு.

இதனை நன்குணர்ந்தவர் இயக்குநர் மகேந்திரன். உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' நாவலை 1978-இல் படமாக்கிய அவர், காளி என்ற முரட்டு அண்ணனையும் அவன் தங்கை வள்ளியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, நிகழ்ச்சிகளைப் பெரிதும் தம் போக்கில் அமைத்தார். மறு ஆண்டு வந்த 'உதிரிப்பூக்க'ளுக்குப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' தூண்டுதலாயிற்று. படமோ முற்றிலும் வேறு ஊருக்குச் சென்றுவிட்டது. வரிக்கு வரி பின்பற்றாத இவ்விரண்டும் தமிழின் சிறந்த படங்கள் வரிசையில் இன்றும் வைத்து எண்ணப்படுகின்றன.

வெக்கையும் அசுரனும்

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். கோவில்பட்டி கரிசல் மண்ணின் எழுத்தாளர் பூமணி எழுதிய 'வெக்கை' 1982-இல் வெளிவந்தது. தன் அண்ணனைக் கொன்ற நிலக்கிழான் வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுவதில் கதை தொடங்குகிறது. தந்தையும் மகனும் சில நாட்கள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். இறுதியில் நீதிமன்றத்தில் சரணடையச் செல்கிறார்கள். சாதிப் பெயர் எதனையும் பூமணி வெளிப்படையாகச் சொல்வதில்லை. குரலை உயர்த்துவதும் இல்லை.

வெற்றிமாறன் இதனை 2019-இல் 'அசுரன்' என்ற பெயரில் படமாக்கினார். கதையின் நடுவில் நின்ற சிறுவன் ஓரமாக நகர, தந்தை சிவசாமி நடுவுக்கு வந்தார். அவரது இளமைக் காலம், பஞ்சமி நிலத்துக்கான போராட்டம், குடிசைகளுக்கு வைக்கப்பட்ட தீ ஆகியவை விரிந்தன. 1968-இல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமையை நினைக்காமல் அக்காட்சியைப் பார்க்க இயலாது. இறுதியில் சிவசாமி மகனிடம், நிலத்தையும் பணத்தையும் பறித்துக்கொள்வார்கள், படிப்பைப் பறிக்க முடியாது என்ற பொருளில் பேசுகிறார். இது நாவலில் இல்லாதது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் பள்ளிக்குச் சென்றதில்லை. தந்தையார் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். வீட்டுத் தொலைக்காட்சியில் 'அசுரன்' பார்த்தபோது, அந்த இறுதிப் பேச்சில் என் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னர் நான் நூலகத்திலிருந்து 'வெக்கை'யை எடுத்து வந்து படித்துவிட்டு, "அந்தப் பேச்சு புத்தகத்துல இல்லைம்மா" என்றேன். "இல்லாட்டி என்னம்மா? எழுதுனவரு சொல்லாம உட்டத படம் எடுத்தவரு சொல்லிட்டாரு" என்றார். திறனாய்வு நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அதன்பின் இரவு நேரங்களில் நாவலை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். தந்தையும் மகனும் ஒளிந்திருக்கும் இடத்தில் கிடைத்ததைக் கொண்டு சமைத்து உண்ணும் பகுதிகள் நாவலில் விரிவாக வருகின்றன. அவற்றைக் கேட்டவர், "காட்டுல கெடந்தாலும் அப்பனும் புள்ளையும் ஒண்ணா ஆக்கித் தின்னாங்களே! படத்துல இத இவ்ளோ காட்டலியே" என்று குறைப்பட்டுக்கொண்டார். படம் கண்ணீரைத் தந்தது. நாவல் அந்தத் தந்தையோடும் மகனோடும் ஒரே அடுப்பருகில் உட்கார வைத்தது. என் தாயாருக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

செய்யத்தக்கது யாது?

ஆற்றல் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாறும்போது ஒரு பகுதி வெப்பமாக வெளியேறும் என்று இயற்பியல் வகுப்பில் படிக்கிறோம். நாவல் படமாகும்போதும் இழப்பு உண்டு. ஆனால் நீரின் ஆற்றல் மின்னாற்றலாக மாறாவிட்டால் நம் வீட்டு விளக்கு எரியாது என்பதையும் மறக்கலாகாது. ஆகவே 'எத்தனை காட்சிகள் விடுபட்டன?' என்று கேட்பதை விட்டு, 'கதையின் உயிர் எது? அந்த உயிர் திரையில் இருக்கிறதா? இல்லையெனில் அதற்கு ஈடாக வேறு எதைத் தந்தார்கள்?' என்று கேட்போமானால் நம் விவாதங்கள் பயனுடையவையாகும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். "நாவலைப் போல் படம் இல்லை" என்ற தீர்ப்பை, நாவலைப் படித்தவர்கள் மட்டுமே வழங்க முடியும். நம்மில் பலருடைய இல்லங்களில் அவ்வாறு படிக்கக்கூடியவர் நாம் ஒருவரே. படம் மட்டுமே பார்க்க முடிந்த நம் பெற்றோரைக் குறைத்துப் பேச அந்தப் படிப்பு நமக்குத் தரப்படவில்லை. பகலில் பாரதம் சொல்லும் பிரசங்கியாரைப்போல, ஏட்டில் உள்ளதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவே தரப்பட்டது. நம் கல்லூரி நூலகத்தில் நாவல்கள் காத்திருக்கின்றன. அடுத்த முறை ஒரு படம் பார்த்தபின் அதன் மூலநூலை எடுத்துச் செல்லுங்கள், தோழர்களே! ஓர் அத்தியாயத்தையேனும் வீட்டில் உள்ளோர் கேட்க வாய்விட்டுப் படியுங்கள். எது சிறந்தது என்ற தீர்ப்பை அவர்களும் வழங்கட்டும்.