கல்லைத் தேடிய ஸ்கேனில் கணையக் கட்டி

விலாவில் சுருக்கென்று வலி பிடித்து தருமபுரியில் ஸ்கேன் எடுக்கப் போகிறவர், கிட்னியில் கல் இருக்கும் என்று நினைத்துத்தான் போவார். சிலருக்கு ரிப்போர்ட்டில் கல்லோடு இன்னொரு வரியும் வருகிறது: கணையத்தில் சிறு கட்டி.

படித்தவுடன் குடும்பமே கலங்கிப்போகும். ஆனால், இப்படித் தற்செயலாகத் தெரிபவற்றில் பெரும்பாலானவை நீர்க்கட்டிகள். தெளிந்த நீர் நிரம்பியவை புற்றாக மாறுவது மிக அரிது; தொந்தரவு தராதவரை விட்டுவிடலாம். கோழை நிரம்பியவை பின்னாளில் மாறக்கூடும் என்பதால் கண்காணிக்க வேண்டும். கணையக் குழாய் 10 மி.மீ. அளவுக்கு விரிந்திருந்தாலோ, கட்டிக்குள் சதை வளர்ந்திருந்தாலோ, கட்டி அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலோ அறுவை சிகிச்சை பற்றிப் பேசியாக வேண்டும். எம்.ஆர்.ஐ.யும், குழாயை வயிற்றுக்குள் விட்டு எடுக்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டும் கட்டி எந்த வகை என்பதைப் பிரித்துக் காட்டும்.

ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் 2003 அக்டோபரில் கிட்னிக்காக எடுத்த சிடி ஸ்கேனில்தான் கணையக் கட்டி தெரிந்தது. மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் வகை. பத்தியம், மூலிகை என்று ஒன்பது மாதம் தள்ளிப்போட்டு, 2004 ஜூலையில் ஆபரேஷன் செய்துகொண்டார். அப்போதே கல்லீரலில் பரவியிருந்தது. 2011-ல் இறந்தார். தாமதம்தான் காரணம் என்று அறுதியிட முடியாது. இவ்வகைக் கட்டி 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்து, ஹார்மோன் தொந்தரவும் தராவிட்டால், இன்று மருத்துவர்களே காத்திருக்கச் சொல்வதுண்டு. மருத்துவர் கண்காணிப்பில் காத்திருப்பது வேறு. பயந்து ரிப்போர்ட்டைப் பரணில் போடுவது வேறு.

அறுவை சிகிச்சை தேவை என்று முடிவானால், கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் 'விப்பிள்' ஆபரேஷன். 1935-ல் ஆலன் விப்பிள் விவரித்த முறையிலிருந்து வளர்ந்தது. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, மிஞ்சிய கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு இணைப்பார்கள். வால்பகுதியில் என்றால் வேலை சற்று எளிது, லேப்ராஸ்கோப்பியிலும் முடியும். மண்ணீரலையும் எடுக்க நேர்ந்தால் நிமோனியா போன்றவற்றுக்கான தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

பெரிய பயம், இணைத்த இடத்தில் கணைய நீர் கசிவதுதான். பிறகு சிலருக்குச் சர்க்கரை நோய் வரும். சிலர் சாப்பாட்டோடு செரிமான மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே, இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். "வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் டாக்டர்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்பது பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.