பாட்டும் சிற்பமும் வளர்த்த திருத்தொண்டர் வரலாறு

ஓதுவார் பாடுவது செவிக்கு உரியது, சிற்பி சமைப்பது கண்ணுக்கு உரியது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால், பாட்டு உருவத்தையும் உருவம் பாட்டையும் வளர்த்த கதை ஒன்று சைவ உலகில் உண்டு. அறுபத்து மூவர் வரலாறே அது.

அதன் தொடக்கம் மிகச் சிறியது. திருவாரூரில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத் தொகை பதினொரு பாடல்களே கொண்டது. அடியார்களின் திருப்பெயர்களும், பெயருக்கு முன் ஓரிரு அடைமொழிகளுமே அதில் காணப்படும். கதை விரிவாக இல்லை. பின்னர் நம்பியாண்டார் நம்பி அதனை அந்தாதியாகச் சற்றே விரித்தார்.

பாட்டில் பெயராக நின்றவர்களுக்கு முகம் கொடுத்தவர்கள் கலைஞர்கள். 1010-ஆம் ஆண்டில் முதலாம் இராசராச சோழன் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவதற்கும் உடன் வாசிப்பதற்கும் ஐம்பது பேரை அம்மன்னன் நியமித்தான் என்று கல்வெட்டு கூறுகிறது. அதே கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான், சுந்தரர், பரவை நாச்சியார், அப்பர், சம்பந்தர் ஆகியோருக்குச் செப்புத் திருமேனிகள் செய்தளித்தார். ஒவ்வொரு திருமேனியின் உயரமும் கல்லில் குறிக்கப்பட்டுள்ளது. ஸ்ரீகாரியம் என்பது இன்றைய சொல்லில் ஆலய நிர்வாகம். கணக்கும் வழக்கும் பார்த்த ஒருவரின் கைங்கரியம் இது என்பதில், செயலாளர் பொறுப்பில் இருக்கும் அடியேனுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அக்கோயிலின் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் ஓவியர்கள் சுந்தரர் வரலாற்றையே சுவரில் விரித்தனர். தடைப்பட்ட திருமணத்தில் விருந்துச் சமையல் நடக்கிறது; அவை நடுவே முதியவர் ஒருவர் அடிமை ஓலையைக் காட்டி வழக்குரைக்கிறார்; அவர் கோயிலுக்குள் புகுந்து மறைந்ததும் கூடியிருந்தோர் திகைத்து நிற்கின்றனர். இறுதியில் சுந்தரர் வெள்ளை யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை நோக்கிச் செல்கின்றனர். பிற்கால நாயக்கர் ஓவியங்களின் கீழ் பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த இவற்றை, 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஓவியம் தீட்டப்பட்டபோது பெரியபுராணம் இல்லை! இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகள் கழித்தே, குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான் அதனைப் பாடினார். அரசவையில் அமைச்சராக விளங்கிய அவர் ஏட்டையும் ஊர் வழக்கையும் மட்டுமன்றி, சோழநாட்டுக் கோயில்களில் கண்ணாரக் கண்ட திருவுருவங்களையும் உள்ளத்தில் தாங்கியே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடியிருப்பார் என்பதே அடியேனின் எண்ணம்.

அவர் பாடிய பின்னர் ஆறு எதிர்த்திசையில் ஓடியது. குலோத்துங்கனுக்குப் பின் அரியணை ஏறிய இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலை எழுப்பினான். அதன் விமானத்தின் அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறு சிறு சிறு கற்சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. நின்று பார்த்தால் தெரியாது. குனிந்தோ அமர்ந்தோதான் பார்க்க வேண்டும். சிற்பங்களோடு பெயர்களும் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தறிந்தவர் பெயரைப் படித்துப் பாட்டை நினைக்கலாம். எழுத்தறியாதவர் உருவத்தைக் கண்டு கதையைக் கேட்கலாம். 2004-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த அக்கோயிலின் பெருமை தேரும் குதிரையும் மட்டுமன்று.

கடல் கடந்தும் இவ்வுறவு சென்றிருக்கிறது. காரைக்கால் அம்மையார் தாம் பெற்ற பேய் வடிவைத் தம் பாட்டிலேயே வருணித்தார். எலும்பும் தோலுமான அவ்வடிவத்தை, கம்போடியாவில் பத்தாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பந்தியாய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவபெருமானின் அருகே காணலாம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

நம் பினாங்கிலும் உருவங்களுக்குக் குறைவில்லை. 1833-ஆம் ஆண்டு முதல் விளங்கும் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயக் கோபுரத்தில் மட்டும் 38 திருவுருவங்கள் உள்ளன. ஆயினும் இக்காலத்தில் திருப்பணி என்றதும் முதலில் எடுக்கப்படுவது காலண்டர் படம். ஸ்தபதியும் கேட்டதைச் செய்து வண்ணம் பூசிவிட்டுச் செல்கிறார். சுதை உருவத்தின் கீழே உபயகாரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். மேலே நிற்பவர் யார் என்பது இராது. கண்ணிலிருந்து குருதி வழிய நிற்கும் கண்ணப்பரைப் பார்த்து, "இவர் யார், தாத்தா?" என்று பேரப்பிள்ளை கேட்டால் விடை கூறத் திணறும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் தேவாரம் ஓதும் பிள்ளைகளோ, தாம் பாடுவது அந்தச் சுவரில்தான் நிற்கிறது என்பதை அறியார்.

ஆதலின், கெலுகோரில் உள்ள எம் ஆலயத்தின் அடுத்த திருப்பணியில், திருச்சுற்று மதிலில் நாயன்மார் வரலாற்றைச் சுதையில் அமைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் அடியேன் கூறி வருகிறேன். தாராசுரத்தைப் போல முதலில் நாயனார் பெயர், தெளிவான தமிழில். அதன் கீழே உபயகாரர் பெயர், சிறிய எழுத்தில். இதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவேன். உபயம் தருபவர் பெயர் சிறிதானால் நன்கொடை குறையும் என்பது அவர்கள் வாதம். ஆதித்தன் சூரியனின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்திருப்பது அவர் செய்தளித்த திருமேனிகளை ஒட்டியே என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். திருவிழா நாள்களில் ஆலய அலுவலகத்தில் பெரியபுராணப் பிரதி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். உபயம் ஏற்க விரும்பும் அன்பர்கள், தமக்கு விருப்பமான நாயனாரின் வரலாற்றைப் படித்துப் பார்த்து, எந்தக் காட்சியைச் சிற்பி செய்ய வேண்டும் என்பதையும் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.