இரவு விடுதிகளின் பெயரீடு: மைசூருப் பலகைகளை முன்வைத்து ஒரு மொழியியல் நோக்கு

வணிக நிறுவனங்களின் பெயர்ப் பலகையில் அறுபது விழுக்காடு கன்னடம் இடம்பெற வேண்டும். அதுவும் பலகையின் மேற்பாதியில் அமைய வேண்டும் என்று கர்நாடக அரசு 2024-இல் தன் மொழி வளர்ச்சிச் சட்டத்தைத் திருத்தியது. 2023 டிசம்பரில் பெங்களூரில் நிகழ்ந்த போராட்டத்தை அடுத்து வந்த இத்திருத்தத்தின் அரசியல் இக்கட்டுரைக்குப் புறம்பானது. அதன் மொழியியல் விளைவு மட்டுமே இங்கு நோக்கப்படுகிறது. உரோமன் எழுத்தில் கண்ணுக்குப் பழகி வந்த பெயர்கள் இப்பொழுது வேறோர் எழுத்தில், பெரிய அளவில் எழுதப்பெற்று உரக்க வாசிக்கப்படுகின்றன. துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் இதனால் பெரிய இடர்ப்பாடு இல்லை. அயல்மணம் கமழ வேண்டும் என்பதற்காகவே பெயர் தேர்ந்துகொள்ளும் மதுக்கூடம், இசையரங்கு, நடன அரங்கு போன்றவையே பெரிதும் தொல்லைக்கு உள்ளாகின்றன.

மைசூருவில் மதுக்கூடத்துடன் கூடிய உணவகம் ஒன்றைத் தொடங்க முற்பட்ட ஒருவர், டஸ்க், வால்ட், நிலா என்னும் மூன்று பெயர்களுடன் இக்கட்டுரையாளரை அணுகினார். கன்னடத்திலும், கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கமிருந்து வரும் பயணிகளை முன்னிட்டுத் தமிழிலும் அவற்றை எழுதித் தர வேண்டும்; எது நல்ல பெயர் என்றும் சொல்ல வேண்டும் என்றார். நல்ல பெயர் எது என்ற வினாவிற்கு மொழியியலில் விடை இல்லை. ஆனால் ஒரு பெயர் ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்கும், ஓர் எழுத்திலிருந்து மற்றோர் எழுத்திற்கும் செல்லும்போது எங்கே உடையும் என்பதை மொழியியலார் முன்கூட்டியே சொல்ல இயலும்.

டஸ்க் என்னும் சொல்லின் இறுதியில் இரு மெய்கள் இணைந்து நிற்கின்றன. தமிழ், கன்னடம் ஆகிய இரண்டின் பேச்சு வழக்கும் இத்தகைய ஈற்றைத் தாங்காமல் உகரம் சேர்த்துக்கொள்ளும். டஸ்க்கு என்றானவுடன் அது மேசையைக் குறிக்கும் டெஸ்க்கு, தூசியைக் குறிக்கும் டஸ்ட்டு ஆகியவற்றின் அருகே சென்றுவிடுகிறது. அந்திப்பொழுது என்னும் பொருள் ஆங்கிலம் நன்கறிந்தவர்க்கு மட்டுமே எஞ்சும். வால்ட் என்பது மின்னழுத்த அலகின் பெயருடன் மயங்குவதோடு, தமிழ்ப் பயணிக்கு முதலில் வாலை நினைவூட்டும். நிலாவின் சிக்கல் வேறு. தமிழெழுத்தில் அது ஐயத்திற்கு இடமற்றது. உரோமன் எழுத்தோ உயிரின் குறில் நெடிலைக் காட்டுவதில்லை. ஆகவே கன்னடர் அதனை நீல என்று படித்து வண்ணப்பெயராகவே கொள்வர். திங்களைக் குறிக்க நிலா என்னும் சொல் கன்னட வழக்கில் இல்லாமையும் இதற்குத் துணைசெய்கிறது. கேரளத்தவர்க்கோ நிளா என்பது பாரதப்புழை ஆற்றின் பெயர்.

தமிழெழுத்திற்கே உரிய இடர்ப்பாடு ஒன்றையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். ஒலிப்புடை வெடிப்பொலிக்கும் ஒலிப்பிலா வெடிப்பொலிக்கும் தனித்தனி எழுத்து கன்னடத்தில் உண்டு, தமிழில் இல்லை. பார் என்று எழுதினால் அது காணுதல் என்னும் ஏவலாகவும், உலகம் என்னும் பெயராகவும், மதுக்கூடமாகவும் நிற்கும். பப் என்பது வேற்றுமை ஏற்றுப் பப்புக்கு என்று வரும்போது குழந்தைகளின் பருப்புச்சோற்று மொழியுடன் ஒன்றாகிவிடுகிறது. கிளப் என்பது கிளப்பு என்றாகி, எழுப்புதலைக் குறிக்கும் நம் சொந்த வினையின் வடிவத்தைப் பெற்றுவிட்டது. அச்சொல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பி கிளப், கிளப்புக்கடை என உணவகத்தைக் குறித்து வழங்கியதையும், பின்னரே இரவுநேரக் கேளிக்கையின் பக்கம் சாய்ந்ததையும் நோக்கினால், இரவல் சொல்லின் பொருள் அது வந்த மொழியில் அன்றிப் புகுந்த மொழியிலேயே உறுதிப்படுகிறது என்பது விளங்கும். சென்னை அண்ணா சாலையில் முன்பு ஜெமினி படப்பிடிப்பு நிலையம் இருந்த இடத்தில் எழுந்த விண்மீன் விடுதியின் நடன அரங்கிற்குத் துருக்கியப் பட்டப்பெயரான பாஷா என்பதை இட்டனர். உரோமன் எழுத்தில் அது கீழைநாட்டுச் செல்வச் செழிப்பைச் சுட்டக்கூடும். தமிழில் எழுதியவுடன், 1995-இல் வெளிவந்த ரஜினிகாந்த் திரைப்படத்தையன்றி வேறெதையும் அது நினைவூட்டாது. அது இழப்பு என்று சொல்லிவிட முடியாது. சென்னையில் அது ஆதாயமாகவும் அமையலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கங்க மரபினனான சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தியார் இயற்றிய நன்னூல், பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுக்கிறது. இன்றைய வணிகச்சின்னச் சட்டம் ஏறத்தாழ இதே பகுப்பின்மீது நிற்கிறது என்பது வியப்புக்குரியது. 1999-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின்படி, ஒரு பொருளின் வகை, தரம், இடம் முதலியவற்றை மட்டுமே உணர்த்தும் குறி, நீண்ட வழக்கால் தனித்தன்மை பெற்றாலன்றிப் பதிவுக்கு உரியதன்று. அதாவது தூய காரணப்பெயருக்குக் காப்பு அரிது, இடுகுறிக்கு எளிது. தொழில் தொடங்குவோரோ பெரும்பாலும் காரணப்பெயரையே விரும்பிக் கேட்கின்றனர். 1989 முதல் பெங்களூரில் அறியப்பட்டுவரும் பெக்கோஸ் என்னும் மதுக்கூடத்தின் பெயர் அமெரிக்க ஆறு ஒன்றின் பெயர். அதன் வாடிக்கையாளர்க்கு அது ஏறக்குறைய இடுகுறியே. ஆயினும் மதுவை அளக்கும் பெக் என்னும் சொல் அதன் முதலில் ஒலிக்கிறது. இது தற்செயலாயினும், நினைவில் நிற்பதற்கு இத்தகைய தற்செயல்கள் உதவுகின்றன.

பொருள் ஒன்றாகவே இருக்க, மொழி மாறினால் பயன் மாறும் என்பதற்குச் சென்னையில் நல்ல சான்று உண்டு. அண்ணா சாலையில் 1964-இல் திறக்கப்பட்ட சபையர் திரையரங்கத் தொகுதியில் சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என மூன்று அரங்குகள் இருந்தன. அதன் அடித்தளத்தில் இயங்கிய சிறிய இரவு விடுதிக்கு நைன் ஜெம்ஸ் என்று பெயர். மதுவிலக்கு நடைமுறையில் இருந்த 1969-இல், அங்குதான் உஷா உதுப் புடவையணிந்து மேடையேறிப் பாடத் தொடங்கினார். கொல்கத்தாவின் டிரிங்காஸ் பின்னர் வந்தது. அத்தொகுதி இன்று இல்லை. இப்பெயர் நவரத்தினம் என்னும் தொகைச்சொல்லை ஆங்கிலத்தில் ஆக்கியதாகவே கொள்ளத்தக்கது. மேலே மூன்று மணிகள், கீழே ஒன்பது என்று தொகுதியின் பெயர்முறையோடும் அது இயைந்து நின்றது. இதனைத் தமிழுக்குத் திருப்பி நவரத்தினம் என்று எழுதிப் பாருங்கள்: நகைக்கடை, அல்லது சைவ உணவகம். இரவு விடுதி மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சொன்னதே இங்கு அரங்கின் இயல்பை உணர்த்தியது. சொற்பொருள் அதற்கு உதவவில்லை. இத்தகைய பெயரை மொழிபெயர்க்கலாகாது, ஒலிபெயர்க்க வேண்டும்.

மைசூரு ஹுன்சூர் சாலையில் பயணியர் கையேடுகள் குறிப்பிட்டுவந்த பெலிக்கன் என்னும் மதுக்கூடத்திற்கும் இது பொருந்தும். பெலிக்கன் மைசூருக்கு அயலான பறவையன்று. காரஞ்சி ஏரியிலும் ரங்கனதிட்டிலும் அதனைக் காணலாம். கன்னடத்தில் ஹெஜ்ஜார்லெ, தமிழில் கூழைக்கடா. கூழைக்கடா என்று பலகை எழுதினால் பறவையை அறிந்தவர் சிலர் புன்முறுவல் பூப்பர். அறியாதவர் கடாவைத் தேடுவர். மாறாக, குகை போன்று அமைக்கப்பட்ட உணவகத்திற்கு மைசூருவில் இடப்பட்டுள்ள குஃபா என்னும் இந்திப் பெயர் மொழிபெயர்ப்புக்கு இடந்தருகிறது. கன்னடத்தின் குஹெ, தமிழின் குகை ஆகியவற்றுடன் அதற்கு உறவு உண்டு. வாசிப்பவர் இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்வர்.

மதுவைச் சுட்டும் பெயர்களில் இடக்கரடக்கல் மிகுதி. தமிழகத்திலும் கர்நாடகத்திலும் ஒயின்ஸ் என்று எழுதப்பட்ட கடைகளில் ஒயினைவிட விஸ்கியும் பிராந்தியுமே மிகுதியாக விலைபோயின. அங்குள்ள ஸ் பன்மை ஈறும் அன்று. மெடிக்கல்ஸ், எலக்ட்ரிக்கல்ஸ் என்பவற்றிற்போலக் கடை என்று பொருள்படும் விகுதியாகவே அது மாறிவிட்டது. 1983-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் பெயரில் மது என்னும் சொல்லே இல்லை. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தபின், அதன் ஆங்கிலச் சுருக்கமான டாஸ்மாக் எல்லா வேற்றுமை உருபுகளையும் ஏற்று மதுக்கடையைக் குறிக்கும் பொதுப்பெயராயிற்று. பெயர் எதனை மறைத்ததோ அதுவே அதன் பொருளானது. இதனினும் சுவையானது, உரிமம் பெற்ற கேளிக்கைக் கழகங்களுக்கு வழங்கும் மனமகிழ் மன்றம் என்னும் தொடர். மகிழ் என்பதற்குப் பழந்தமிழில் கள் என்றும் கள்ளுண்ட களிப்பு என்றும் பொருள் உண்டு. அடக்கமாகப் பேச முனைந்த அலுவல்மொழி, அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டது.

தெய்வப்பெயரோடு ஒயின்ஸ் சேர்ந்த பலகைகள் பலரின் மனத்தைப் புண்படுத்துவதுண்டு. 2022-இல் மகாராஷ்டிர அரசு மதுக்கடைகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் தெய்வங்கள், பெரியோர், கோட்டைகள் ஆகியவற்றின் பெயரிடுவதைத் தடைசெய்தது. உரிமையாளர் நோக்கில் அப்பெயர் தொழிலைப் பற்றியதே அன்று. அது குலதெய்வத்தை நோக்கிய விளிப்பு. சாலையில் செல்வோரோ அதனை மதுவின் விளம்பரமாகப் படிக்கின்றனர். ஒரே பலகைக்குக் கேட்போர் இருவர்; பூசல் அங்கிருந்தே எழுகிறது.

மேற்கூறிய நண்பர் இறுதியில் மூன்று பெயர்களையும் விட்டுவிட்டு, பழைய தமிழ்ப்பெயர் ஒன்று கிடைக்குமா என்றார். நறவு, தேறல், மட்டு, களி எனச் சொற்கள் உண்டு. ஆனால் மட்டு இன்று அளவைக் குறிக்கிறது. களி சிறையுணவை நினைவூட்டுகிறது. மகிழ் என்பதன் ழகரத்திற்கு இக்காலக் கன்னடத்தில் எழுத்தில்லை. இடையிலுள்ள ககரத்தையும் மூவகையாக எழுதலாம். மதுரைக்காஞ்சியின் அல்லங்காடி, இரவுக்கடை என்ற அளவில் அழகியது. எனினும் அல்லல் என்பதன் ஒலி அதனைத் தொடர்கிறது. எஞ்சியது சொல்விளம்பி. நன்னூல் உரையாசிரியர்கள் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாக, வேடர் கள்ளுக்கு இட்ட பெயர் என்று இதனைக் காட்டுவர். உண்டவனைச் சொல் விளம்பச் செய்வது என்னும் காரணமும் உண்டு. குழுவிற்கு வெளியே இடுகுறி போலவும் நிற்கும். சட்டமும் இலக்கணமும் ஒருங்கே மெச்சத்தக்க பெயர் என்று கருதி, அதனைக் கன்னட எழுத்தில் எழுதிக் கன்னடப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டியபோது, அவர் சொல்லின் முற்பகுதியில் பேச்சைக் குறிக்கும் சொல்லு என்பதை எளிதாகக் கண்டுகொண்டார். பிற்பகுதியில் நின்று தயங்கினார். விளம்ப என்றால் கன்னடத்தில் காலத்தாழ்வு. கேட்ட பானம் நேரத்திற்கு வராத கடை என்றல்லவா படிப்பார்கள் என்று அவர் கேட்டார்.