வீதியில் அல்ல, ஓடுபாதையில்: கால் மைல் ஓட்டத்துக்கு ஒரு வண்டி தயாராவது எப்படி?

வன்னியின் கராஜ்களுக்குத் தனியான ஒரு வரலாறு உண்டு. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் பெற்றோல் கிடைக்காதபோது, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. சிலிண்டருக்குள் அமுக்கம் கூடினால் அது தானாகவே பற்றி, என்ஜின் தட்டத் தொடங்கும். எனவே அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். ஹெட்டின் கீழே தடித்த காஸ்கெற் போடுவது அதற்கொரு வழி. வலு குறையும், புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். ஆனாலும் நோயாளி வைத்தியசாலைக்குப் போய்ச் சேருவார்.

இன்று அதே கைவேலை எதிர்த்திசையில் போகிறது. அமுக்கத்தைக் கூட்டி, காபரேற்றரைப் பெருப்பித்து, சைலன்சரை மாற்றி, வேகத்தைத் தேடுகிறார்கள். பரீட்சித்துப் பார்க்க இடமில்லாததால் காப்பெற் வீதிகளே பந்தயத் திடல்களாகின்றன. மணிக்கு 120 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு செக்கனில் 33 மீற்றர் கடக்கும். கட்டாக்காலி மாட்டைக் கண்டு பிறேக் பிடிக்க எண்ணும் நேரத்திலேயே அந்தத் தூரம் போய்விடும். போரில் பிள்ளைகளை இழந்த ஊர்களில், மிஞ்சியவர்களையும் வீதியில் பறிகொடுப்பது தாங்கக்கூடியதல்ல.

இதே நிலையை உலகம் முன்பும் கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டி வீதிகளில் ஓட்டினார்கள். அவர்களை வீதியிலிருந்து எடுத்து விமான ஓடுபாதைகளுக்குக் கொண்டுபோகும் முயற்சியிலிருந்தே 'ட்றாக் ரேஸ்' ஒழுங்கான விளையாட்டாக வளர்ந்தது. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் அதற்கான தேசியச் சங்கத்தை அமைத்தார். சென்னைக்கு அருகே சோழவரத்திலும், களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையிலும் மோட்டார் பந்தயங்கள் நடந்தது உலகப் போர்க்கால ஓடுபாதைகளிலேயே.

இந்தப் போட்டியின் விதி எளிது. இரண்டு வண்டிகள், நேர்ப்பாதை, கால் மைல் தூரம், அதாவது 402 மீற்றர். புதியவர்களுக்கு அதில் பாதியான 201 மீற்றரே போதும். மஞ்சள் விளக்குகளுக்குப் பின் பச்சை எரியும். அதற்கு முன் புறப்பட்டால் சிவப்பு, தோல்வி. வண்டி புறப்பட்ட கணத்திலிருந்து முடிவுக்கோடு வரையுள்ள நேரமே அதன் ஓட்ட நேரம். விளக்கைக் கண்டு புறப்படச் சுணங்குவது அதில் சேராது. ஆகவே ஓட்ட நேரம் குறைந்த வண்டிகூட, சாரதி தூங்கினால் தோற்றுவிடும்.

காசில்லாதவருக்கும் இதில் இடமுண்டு. ஒருவகைப் போட்டியில் ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை செக்கனில் ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசத்தின் அளவுக்கு முன்னதாகவே பச்சை விழும். சொன்னதைவிட வேகமாக ஓடினால் பொதுவாகத் தோல்வி. பழைய மொறிஸ் மைனர் ஒன்று புதிய ஜப்பான் காரை வெல்வது இப்படித்தான். அங்கே பரிசு பெறுவது வண்டியின் விலையல்ல, ஒரே சீராக ஓடும்படி அதைப் பூட்டிய கை.

வலுவைக் கூட்டுவதற்கு முன் நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் தணிக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். மொறிஸ் மைனரின் நான்கு சில்லுகளிலும் இருப்பது ட்றம் பிறேக். பெரிய என்ஜினை ஏற்றிவிட்டு அதை அப்படியே விடுவது தற்கொலைக்குச் சமம். முடிவுக்கோட்டுக்கு அப்பாலும் வண்டி வேகம் தணிந்து நிற்கப் போதிய வெறும்பாதை வேண்டும்.

ஓட விடுவதற்கு முன் வண்டியைப் பரிசோதிப்பார்கள். பற்றரி அசையாமல் பூட்டப்பட்டிருக்கிறதா, எண்ணெய்க் குழாய் கசிகிறதா, காலை எடுத்ததும் அக்சிலேற்றர் தானாகத் திரும்புகிறதா, சில்லு நட்டுகள் இறுக்கமா, ஆசனப்பட்டி பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்க விதிப்படி, கால் மைலை 13.99 செக்கனிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் காரின் சாரதிக்குத் தலைக்கவசம் கட்டாயம். 11.49 செக்கனுக்கு வந்தால், கார் புரண்டாலும் கூரை நசுங்காதிருக்க உள்ளே பொதுவாக இரும்புச் சட்டம் வேண்டும்.

வன்னியில் ஓடுபாதை இல்லாமலில்லை. இரணைமடுவில் இருப்பது விமானப்படையின் கையில் இருக்கிறது. வருடத்தில் சில நாட்களுக்காவது, அம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் பக்கத்தில் நிற்க, மூடிய நேர்ப்பாதை ஒன்றை இளைஞர்களுக்குத் திறந்துவிடலாம். தொழிற்பயிற்சி நிலையங்களும் பிரதேச சபைகளும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது. பெற்றோலே இல்லாமல் வண்டி ஓட்டிக் காட்டிய கைகளின் வாரிசுகளிடம் திறமைக்குக் குறைவில்லை. அவர்களுக்குக் குறைவாக இருப்பது, உயிரைப் பணயம் வைக்காமல் அதைக் காட்ட 402 மீற்றர் நிலமும், நிற்பதற்கு அதற்கப்பால் இன்னும் கொஞ்சமும்தான்.