மறதி நோயா? கருவி கட்டுமுன் அவரையே கேளுங்க!
நியூகாசில் நகரம் காட்டிய வழி

சென்னை, செப். 21-

கடைக்குப் போன பெரியவருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. வீடே பதறுகிறது. இப்படித் தவிக்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இன்று உலக அல்சைமர் தினம். 'டிமென்ஷியா' என்ற மறதி நோய் இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல்!

இவர்களுக்கென்றே பல கருவிகள் வந்துவிட்டன. இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கடிகாரம், மாத்திரை நேரத்தில் மணி அடிக்கும் பெட்டி, மறந்துவிட்ட கேஸ் அடுப்பைத் தானே அணைக்கும் சாதனம்...

விற்பது கம்பெனி. வாங்குவது மகன். கட்டிக்கொள்வது அப்பா. அவரை மட்டும் யாரும் கேட்பதில்லை!

"அவருக்கு என்ன தெரியும்? சொன்னாலும் மறந்துடுவார்" என்பதே பேச்சு. பிடிக்காத கருவியை அவர் கழற்றி வைத்துவிட்டால் போட்ட பணம் வீண்.

கேட்டுப் பார்த்தார்கள்

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை மாற்றிப் பார்த்தார்கள். டாக்டர் லூயிஸ் ராபின்சன் தலைமையில் நடந்த இந்த 'கைட்' திட்டத்தின் முடிவு 2009-ல் வெளியானது.

நோய் உள்ளவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். முதலில், 'என்ன தேவை?' என்று கேட்டார்கள். அப்புறம், 'கருவி எப்படி இருக்கணும்?' என்று கேட்டார்கள். பிறகு மாதிரிக் கருவி செய்து காட்டினார்கள்.

கிடைத்த பதில்கள் இவை:

* கருவி பளிச்சென்று தெரியக்கூடாது. அன்றாடப் பொருள் மாதிரி இருக்க வேண்டும்.
* கண்காணித்தால் மட்டும் போதாது. இரு பக்கமும் பேச முடிய வேண்டும்.
* நோய் கூடக் கூட மாற்றிக்கொள்ள வசதி வேண்டும்.
* வீட்டுக்குள் ஒன்று, வெளியே போக ஒன்று வேண்டும்.

இந்தப் பேச்சிலிருந்து கையில் கட்டும் பட்டை ஒன்றும், மின்னணுக் குறிப்பேடு ஒன்றும் மாதிரியாக உருவாயின.

கைதியா, மனிதரா?

மறைத்து வைக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் தண்டனை பெற்றவர்களின் காலில் மின்னணுப் பட்டை மாட்டிக் கண்காணிப்பது வழக்கம். தப்பே செய்யாத பெரியவருக்கும் அதே போல ஒன்றா? யாருக்குத்தான் மனசு வரும்?

குடும்பத்தின் கேள்வி, "அப்பா எங்கே?" அவருடைய கேள்வியோ, "நான் எப்படி வீட்டுக்குப் போறது?" மகனை மட்டும் கேட்டுச் செய்த கருவி, முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

எப்படிக் கேட்பது?

ஞாபகத்தைச் சோதிக்கக்கூடாது. பொருளைக் கையில் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் வரும்வரை பொறுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டு பதில் சொல்லக்கூடாது. பேச்சு குறைந்தவர் பட்டையைப் பிடுங்கி எறிந்தால், அதுவும் ஒரு பதில்தான்!

ஸ்காட்லாந்தில் 2002-ல் தொடங்கிய ஒரு குழுவை நடத்துபவர்களே மறதி நோய் உள்ளவர்கள்தான். தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்கள் குரலும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

நோய் ஆரம்பத்தில் இருக்கும்போதே, எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று பெரியவரிடம் கேட்டுக் குறித்து வைப்பது நல்லது. பின்னால் அவரால் சொல்ல முடியாமல் போகும் நாளில், அந்தக் குறிப்புதான் அவர் பேச்சு.